ஒரு பெட்டி, நான்கு மூளைகள்

எண்பதுகளில் எங்கள் ஆங் மோ கியோ வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பழுப்பு நிற இரும்புப் பெட்டி, பச்சை எழுத்துத் திரை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கடைசிவரை அதே பெட்டிதான். ஆனால் உள்ளே நான்கு மூளைகள் வாழ்ந்து போயின. முதலில் 8088 என்ற சிப். பிறகு அதன் இடத்திலேயே உட்காரக்கூடிய ஜப்பான் மாற்றுச் சிப். அப்புறம் 286. கடைசியாக 386. இந்த நான்கில் ஒன்றையாவது வைத்து நான் உருப்படியாக என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவேன்.

நான் சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். ஆபீசில் டைப் அடிக்க ஒரு சீன அம்மா இருந்தார். நான் எழுதிக் கொடுப்பேன், அவர் அடித்துக் கொடுப்பார். ஆக என் பத்து விரல்களில் ஒன்பது விரல்களுக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. இப்படிப்பட்ட ஆள்தான் எங்கள் மாதா கோயிலில் கம்ப்யூட்டர் நிபுணர். நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம் அது.

ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் ஆண்கள் ஏழெட்டுப் பேர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு காப்பிக்கடையில் உட்காருவோம். மற்றவர்கள் பந்து விளையாட்டைப் பற்றியோ சம்பள உயர்வைப் பற்றியோ பேச வாயெடுத்தால் நான் புராசஸரைக் கொண்டுவந்து நடுவில் போட்டுவிடுவேன். 8088 என்பது உள்ளே பதினாறு பிட், வெளியே எட்டு பிட். அதாவது யோசிப்பது பெரிய அளவில், பேசுவது சின்ன அளவில். மலிவான பாகங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு புளகாங்கிதம் வரும். நானே உட்கார்ந்து வடிவமைத்த மாதிரி. நான் அந்தச் சிப்புக்கு நேர் எதிர், வெளியே பதினாறு உள்ளே எட்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. காப்பிக்கடையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நாகரிகமானவர்கள், சொல்லவில்லை.

பின்னால் வந்த இரண்டு மூளைகளின் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 286 வந்தபோது சிப்பை மட்டும் மாற்ற முடியவில்லை, அடியில் இருக்கும் போர்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அது ஓடிய வேகத்தில் பழைய விளையாட்டுகள் எல்லாம் தலைதெறிக்க ஓடின. அதனால் வேகத்தைக் குறைப்பதற்கென்றே முன்பக்கம் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். வேகத்துக்காகக் காத்திருந்து வாங்கி, வாங்கியதும் பொத்தானை அமுக்கி மெதுவாக ஓடவிட்ட ஜென்மம் நான். 386 வந்தபோது அதற்குள் முப்பத்திரண்டு பிட் இருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதில் நான் செய்த ஒரே வேலை, கோயில் அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டத்துக்கு, வருகிறவர்களின் பெயர்ப் பட்டியல். அதையும் முடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது முதல் மாற்றத்தைப் பற்றி. அதில் என் மனைவியின் வேலை போயிருக்க வேண்டியது.

அவள் எழுபதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே, பூன் லே பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படிப்பு. பெண் பார்க்கப் போனபோது என்ன வேலை என்று கேட்டேன். "கம்பி ஒட்டுற வேலை" என்றாள். சரி, ஏதோ கம்பி என்று விட்டுவிட்டேன். கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் நான் அதற்கு மேல் கேட்டதில்லை. வேலை முடிந்து வரும்போது இரண்டு கண்களையும் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து நாள் முழுக்கக் குனிந்திருந்த தடம். நான் அதைப் பார்த்துத் தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதுவரைக்கும் நல்ல புருஷன்தான்.

எண்பதுகளின் நடுவில் வேலைகள் குறைந்த காலம் ஒன்று வந்தது. அப்போது அவளுடைய ஃபேக்டரியில் கம்பி ஒட்டும் வேலையைத் தானே செய்யும் மெஷின்கள் இறங்கின. இருபது பேர் செய்த வேலைக்கு இனி மூன்று நான்கு பேர் போதும். அந்த மூன்று நான்கு பேரும் மெஷினுக்கு முன்னால் உள்ள கீபோர்டில் கட்டளைகளை ஆங்கிலத்தில் தட்டத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு டெஸ்ட். பாஸ் செய்தவர்கள் இருக்கலாம், மற்றவர்களுக்கு ரிட்ரெஞ்ச்மென்ட். இதை அவள் ஜனவரியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். பதிமூன்று வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்விதான் வீடு முழுக்க இருந்தது.

எனக்கு அன்றைக்குக் கவலை வந்ததா என்றால், வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. கம்ப்யூட்டர் வாங்குவதற்கு ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிட்டதே.

ஜனவரி முடிவதற்குள் ரோச்சோர் பக்கம் ஒரு கடையில் பெட்டியை வாங்கிவிட்டேன். பெரிய அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். சாப்பாட்டு மேசைமேல் வைத்தோம். வாங்கிய மறு ஞாயிறே கோயிலுக்கு டாக்சியில் கொண்டுபோய் மந்திரித்துக்கொண்டும் வந்தோம். எங்கள் ஆட்களுக்கு அது வழக்கம். புதுக் கார், புது மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், எது வாங்கினாலும் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிறுத்திவைப்போம். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். மந்திரிக்கும்வரை புதுப் பொருளைத் தொட்டு ஓட்டமாட்டோம்.

முதல் வாரம் மனைவிக்குப் பாடம் எடுத்தேன். அவள் கேட்டது, கட்டளை தட்டி முடித்ததும் எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று. நான் அதற்கு 8088 பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் இருந்த எட்டு பிட் சிப்கள், பிறகு 8086, அதை ஏன் 8088 ஆக்கினார்கள், அடுத்து 286 என்ன செய்யப்போகிறது. கீபோர்டை நான் விளக்காததற்குக் காரணம் உண்டு. எனக்கே எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு விரலால் 'கே' எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். தெரியாததை மறைக்கத் தெரிந்ததை நீளமாகப் பேசுவது என் பழைய வழக்கம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து அவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். பாடம் புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எப்போதாவது நான் விசாரிப்பேன். "பழகுறியா?"

"பழகிட்டுதாங்க இருக்கேன்" என்பாள்.

அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் அதன் மூடி கழன்று கிடந்தது, உள்ளே என் தலை இருந்தது. அதனால் பார்த்திருக்க வாய்ப்பும் இல்லை.

ஜூலையில் சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போனேன். தரையில் சாக்கை விரித்துப் பழைய ரேடியோ, செருப்பு, கடிகாரம் என்று எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு கிழவர் பிஸ்கட் டின்னில் சிப்களைப் போட்டு வைத்திருந்தார். அதில் 8088-க்குப் பதிலாகப் போடக்கூடிய அந்த ஜப்பான் சிப் இருந்தது. அளவு அதே, கால்களும் அதே நாற்பது, வேகம் மட்டும் கொஞ்சம் கூட. எவ்வளவு கூட என்றால், ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் தெரியும். மனைவியின் டெஸ்டுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அவளுக்கு வேகமான மெஷின் வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரால் பழைய சிப்பை நெம்பி எடுத்தேன். புதுசை வைத்து, சிப்பின் ஓரத்தில் உள்ள பள்ளம் சரியான பக்கம் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். பிறகு கட்டைவிரலை வைத்து ஒரே அமுக்கு. நறுக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுவை சிகிச்சை டாக்டர் மாதிரி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

உடனே ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் புது மூளை மந்திரிக்கப்படவில்லையே.

மனைவி சொன்னாள், பெட்டியைத்தான் ஏற்கெனவே மந்திரித்தாயிற்றே, அதே போதும் என்று. நான் விடவில்லை. மந்திரித்தது பழைய மூளையை. மூளை மாறினால் ஆளே வேறு. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டாக்சி. முற்றத்தில் ஒரு காய்கறி லாரிக்கும் யாரோ ஒருவரின் புது வேனுக்கும் நடுவில் நாற்காலி போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தேன். இந்த இடத்தில்தான் நான் என் அறிவின் உச்சத்தைத் தொட்டேன். வெளிப்பெட்டிக்கு ஏற்கெனவே ஆசீர்வாதம் கிடைத்துவிட்டது. புதுசு உள்ளே இருப்பது மட்டும்தான். ஆகவே மூடியைக் கழற்றி வைத்தேன்.

ஃபாதர் லாரியை முடித்துக்கொண்டு வந்தவர் திறந்த பெட்டியைப் பார்த்துத் தயங்கினார். "மூடிட்டுத் தெளிக்கலாமே" என்றார்.

"உள்ள இருக்கிறதுதான் ஃபாதர் புதுசு."

ஃபாதர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பின்னால் இன்னும் நாலு வண்டி காத்திருந்தது. லாரிக்குத் தெளித்துப் பழகிய கை அது. தாராளமாகவே தெளித்தார். சிப்பின் மேல் ஒரு சொட்டு உருண்டு ஓடியதை நான் பக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது. திரையில் ஒன்றுமே இல்லை. வழக்கமாக வரும் 'பீப்' சத்தமும் இல்லை. அணைத்துப் போட்டேன், போட்டு அணைத்தேன், ஜெபம் சொல்லிவிட்டுப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை.

பழைய சிப்பைத் திரும்ப வைக்கலாமே என்று மனைவி கேட்டாள். அதை நெம்பும்போது இரண்டு கால்கள் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டதை அவளிடம் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

அன்றிலிருந்து மூன்று வாரம் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பெட்டியை ஜன்னலோரம் வெயிலில் காயவைத்தேன். மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துத் தினமும் வேலையிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் ஊதினேன். அரிசி டின்னில் போர்டைப் புதைத்து வைத்தேன், அந்த அரிசியை அப்புறம் என்ன செய்வது என்று ஒரு சண்டை. காப்பிக்கடையில் யார் விசாரித்தாலும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, தீர்த்தம் பட்டதிலிருந்து இப்படி என்று மட்டும் சொல்வேன். ஃபாதரைக் குறை சொல்லவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சேர்த்துக்கொள்வேன். அப்படிச் சேர்த்தால்தான் குறை சரியான இடத்தில் போய் உட்காரும். விஷயம் ஃபாதர் காதுக்குப் போய், பாவம், அவர் என்னைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். நான் பெருந்தன்மையோடு பரவாயில்லை ஃபாதர் என்றேன். அவரை நான் மன்னித்தேன். இதை இப்போது எழுதும்போது காது சூடாகிறது.

இத்தனைக்கும் நடுவில் டெஸ்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவியின் லைனில் இருந்த இரண்டு சீனப் பெண்கள் மாலை வகுப்புக்குப் போனார்கள். இவள் வீட்டில் மெஷின் இருக்கிறது என்பதால் எந்த வகுப்பிலும் சேரவில்லை. சேர வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். அவள் ஃபெயிலானால் அது யாரால் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஹேர் டிரையரை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

டெஸ்ட் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் நான் டிரையரோடு நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, கொஞ்சம் தள்ளுங்க என்றாள். மேசையில் கன்னத்தை வைத்துப் படுக்கிற மாதிரி குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சிப்பை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒரு கால் உள்ள மடங்கியிருக்கு" என்றாள்.

மேலே இருந்து பார்த்தால் நாற்பது கால்களும் ஒழுங்காகத் தெரிந்தன. ஒரே ஒரு கால் மட்டும் ஓட்டைக்குள் போகாமல் சிப்பின் வயிற்றுக்கடியில் மடங்கிப் படுத்திருந்தது. என் கட்டைவிரல் நறுக்கென்று அமுக்கியபோது மடங்கியது. தண்ணீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவள் புருவம் திருத்தும் ட்வீசரை எடுத்து வந்தாள். சிப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி, ஒரு காலும் வளையாமல் தூக்கினாள். மடங்கிய காலை மெல்ல நிமிர்த்தினாள். இரும்பு திரும்பத் திரும்ப வளைந்தால் முறிந்துவிடும், அதனால் ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே செய்தாள். நாற்பது கால்களையும் மேசையில் லேசாக அழுத்தி ஒரே வரிசைக்குக் கொண்டுவந்து, ஓட்டைகளில் பொருத்தி, இரண்டு விரலால் சமமாக இறக்கினாள். சத்தமே வரவில்லை.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். உலகத்தில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மட்டமான கேள்வி.

அவள் ட்வீசரைத் துடைத்தபடி சொன்னாள். "இதுக்குள்ளதானே நான் கம்பி ஒட்டுறேன்."

கறுப்பு மூடிக்குள் நகக்கண் அளவில் ஒரு துண்டு இருக்கிறதாம். அதிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி போகிறதாம். அதை ஒட்டும் பெண்களில் ஒருத்தி என் எதிரில் நின்றாள். இத்தனை நாளாக ஒவ்வொரு ஞாயிறும் இந்தச் சிப்பைப் பற்றி நான் வாய் கிழியப் பேசிவிட்டு வந்து அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். சுவிட்சைப் போட்டேன். 'பீப்' என்றது.

அந்த நேரத்தில் ஒரு மனுஷன் என்ன செய்ய வேண்டும்? இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது, உட்கார்ந்து பழகு என்று நாற்காலியை அவள் பக்கம் தள்ள வேண்டும். நான் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். புதுச் சிப் எவ்வளவு வேகம் என்று அளக்கும் புரோகிராம் ஒன்று என்னிடம் இருந்தது. சனி மாலையும் ஞாயிறு மதியமும் அளந்தேன். அவள் துணிகளை மடித்து முடித்துவிட்டு மீன் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை டெஸ்ட் எழுதினாள். அடுத்த வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்து, பாஸ் பண்ணிட்டேன் என்றாள். சத்தம் போடாமல் சொன்னாள், ஆனால் அப்படியே செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதாள். லைனில் இருந்து நான்கு பேர்தான் தேறியிருந்தார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து போய்க் கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டி, பார்த்தியா, இது இல்லைன்னா முடிஞ்சிருக்குமா என்றேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

சுவரில் மாட்டும் மாதக் காலண்டரின் தாள். பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு முழுக் கீபோர்டு வரைந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எழுத்து, கீழே நீளமாக ஒரு கட்டம், வலது ஓரத்தில் கட்டளை முடிந்தால் அமுக்க வேண்டிய பொத்தான். அடிக்கடி விரல் பட்ட கட்டங்களில் மை அழிந்து, மறுபடி எழுதி, மறுபடி அழிந்திருந்தது. மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. லைனில் இருந்த சூப்பர்வைசரிடம் கேட்டுப் பார்த்து வரைந்ததாம். போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், கம்பெனி பஸ்ஸில் மடியில் விரித்து வைத்துத் தட்டித் தட்டிப் பழகியிருக்கிறாள்.

மெஷின் கெட்டுப்போன மூன்று வாரமும் இதில்தான் பழகினாயா என்று கேட்டேன். அவள் தாளை என் பக்கம் நகர்த்தினாள். நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். நான் சிப்பைப் பிடுங்கியது ஜூலையில். காலண்டர் தாள் ஜனவரி, ஓரத்தில் அவள் எழுதியிருந்த வரைந்த தேதி பிப்ரவரி.

அதாவது நான் 8088 பிறந்த கதையைச் சொல்லி முடித்த மறு வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெட்டியில் அவளுக்கு இடம் கிடைக்காது என்று. ஆறு மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ்ஸில் காகிதத்தைத் தட்டியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க லா" என்றாள். "அதக் கெடுக்க வேணாம்னு இருந்துட்டேன்."

நான் தாளை மறுபடி கீபோர்டு பக்கம் திருப்பினேன். அதில் 'கே' எங்கே இருக்கிறது என்று என் கண் தேடியது. அப்போதும் கிடைக்கவில்லை. கடைசியில், எனக்கும் இதைச் சொல்லிக்கொடேன் என்று கேட்டேன். அவள் முகத்தைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "பேசாம உக்காருங்க."